ஆலை வேண்டாத பஞ்சு

தங்கை மகளுக்குச் சீர் மெத்தை எடுக்கச் சங்கரன்கோவில் கடைக்குப் போயிருந்தோம். கட்டிலும் பீரோவும் முடிந்து பேச்சு மெத்தையில் வந்து நின்றது. கடைக்காரர் மூன்று கோணிகளைப் பிரித்து வைத்தார். ஒன்றில் பாலாய் வெளுத்த பஞ்சு. இன்னொன்றில் சந்தன நிறத்தில், அங்கங்கே சருகுத் துணுக்கும் கொட்டைத் தோலும் ஒட்டிய பஞ்சு. மூன்றாவதில் பட்டுபோல் மினுங்கும் இலவம் பஞ்சு. எங்கள் கூட்டத்தில் எல்லாருடைய கையும் வெள்ளைக்குத்தான் நீண்டது. மூலையில் உட்கார்ந்து மெத்தை உறைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: “வெள்ளையப் பாத்து எடுக்காதீங்கம்மா. கையில பொத்திப் பிடிச்சு விட்டுப் பாருங்க.”

பிடித்து விட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பஞ்சு பிடித்த பிடியிலேயே உருண்டையாய்க் கிடந்தது. சந்தன நிறப் பஞ்சு, விரலைத் திறந்ததும் மெல்ல எழுந்து, உள்ளங்கையை நிறைத்தது.

“இது எந்த ஊர்ப் பஞ்சு அண்ணாச்சி?” என்று தங்கை கேட்டாள்.

“நம்ம கரிசப் பஞ்சுதான். பெரிய மில்லுக்கு இது ஆகாது. மெத்தைக்கு இதுக்கு மேல கிடையாது.”

மில்லுக்கு ஆகாதது மெத்தைக்கு எப்படி ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இழையின் இயற்பியலும் நம் வட்டாரத்துப் பருத்தியின் கதையும் சேர்ந்தே வருகின்றன.

முதலில் ஒரு கணக்கு. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நாலு அங்குலக் கனத்தில் ஒரு மெத்தை. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 170 லிட்டர். அதில் 10 கிலோ பஞ்சு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பருத்தி இழையின் பொருள் செல்லுலோஸ். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அப்படியானால் அந்த 10 கிலோவும் உண்மையில் அடைத்துக்கொள்ளும் இடம் ஆறரை லிட்டர்தான். மீதி 163 லிட்டர் காற்று. நூற்றுக்கு 96 பங்கு காற்றைத்தான் நாம் துணிக்குள் தைத்து வாங்கி வருகிறோம். நான்கு பங்கு இழையின் வேலை, அந்தக் காற்றை நகரவிடாமல் சிறு சிறு அறைகளாகப் பிடித்து வைப்பது. நகராத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர் நாட்டில் பஞ்சுப் போர்வை உடம்புச் சூட்டைக் காப்பதும், நம் ஊரில் மார்கழிப் பனியில் தரையின் சில்லிப்பு முதுகில் ஏறாமல் இருப்பதும் இந்தக் காற்றினால்தான். மெத்தை மெத்தென்று இருப்பதும் அதனால்தான். பஞ்சு படிந்து கட்டியாகிவிட்டது என்று சொல்கிறோமே, அதன் பொருள் காற்று வெளியேறிவிட்டது என்பதுதான். பஞ்சின் எடை அப்படியேதான் இருக்கும்.

ஆகவே நல்ல மெத்தைப் பஞ்சு என்றால், ஆள் படுத்து எழுந்த பிறகு காற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரிந்த பஞ்சு. அதற்கு இழை ஒவ்வொன்றும் சுருள்வில்போல் வேலை செய்ய வேண்டும்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். கொட்டையின் தோலிலிருந்து மயிர்போல் முளைக்கும் செல். பூ பூத்த நாளிலிருந்து மூன்று வாரம் போல அது நீளமாக மட்டும் வளரும். அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. பிறகு நீளம் நின்று, உட்புறச் சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். காய் வெடிக்கும்வரை உள்ளே நீரோடு விறைத்து நிற்கும் குழாய் அது. காய் வெடித்து வெயில் பட்டதும் நீர் வற்றிக் குழாய் அமுங்கி, நாடாபோல் தட்டையாகி, தானே முறுக்கிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய ரிப்பன்போல் தெரியும். அந்த முறுக்கினால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நூலாகத் திரிக்க முடிவதும் அதனால்தான். காய் முற்றுமுன் பறித்துவிட்டாலோ, செடி வாடிப்போனாலோ சுவரில் செல்லுலோஸ் போதிய அளவு படியாது. அந்த இழை ஈரத் துணிபோல் துவண்டு கிடக்கும். எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் மெத்தைக்கு உதவாது.

இனி விறைப்பின் கணக்கு. ஒரு குச்சியை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. ஈர்க்குக் குச்சியையும் சுள்ளியையும் வளைத்துப் பார்த்த எவருக்கும் கை அறிந்த விஷயம் இது. பருத்தி இழைக்கும் இதே கணக்குத்தான். ஒரே நீளத்தில் ஓர் இழை இன்னோர் இழையைவிட இரண்டு மடங்கு எடை இருந்தால் அதன் விறைப்பு சுமார் நான்கு மடங்கு. கனத்த இழை என்பதால் ஒரு கிலோவில் இழைகளின் எண்ணிக்கை பாதியாகிவிடும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் மொத்தத்தில் இரண்டு மடங்கு எதிர்ப்பு மிஞ்சுகிறது. பெரியவரின் சந்தன நிறப் பஞ்சு உள்ளங்கையில் எழுந்து நின்றதன் காரணம் இந்தக் கனம்தான்.

நூற்பாலைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். மெல்லிய நூல் வேண்டுமென்றால் நூலின் குறுக்கே நிறைய இழைகள் அடங்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் இழையும் மெலிந்து இருக்க வேண்டும். நூல் அறாமல் இருக்க இழை நீளமாகவும் இருக்க வேண்டும். மெலிவும் நீளமும்தான் ஆலையின் தராசு. 1974-இல் கோயம்புத்தூரில் உருவான சுவின் ரகத்தின் இழை 35 மில்லிமீட்டரைத் தாண்டும்; மிக மெல்லிய நூல் நூற்பதற்கென்றே பிறந்தது அது. அந்தப் பஞ்சில் மெத்தை தைத்தால் விலை எக்கச்சக்கமாகும், சீக்கிரமே படிந்தும் போகும். துணிக்கு அரசனாக இருக்கும் பஞ்சு மெத்தைக்குக் கூலியாள்கூட ஆகாது.

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம், கோவில்பட்டி என்று போனால் கரிசல் விரிகிறது. அந்த மண்ணின் சொந்தப் பருத்தி கருங்கண்ணி. தாவரவியலில் காசிப்பியம் ஆர்போரியம் என்ற இனம், ஆசியாவின் பழம்பருத்தி. கூடவே உப்பம் என்ற இன்னொரு நாட்டுப் பருத்தியும் இருந்தது. ஐப்பசி மழைக்கு விதைத்தால் கரிசல் பிடித்து வைத்த ஈரத்திலேயே வளர்ந்து, மாசி, பங்குனியில் வெடிக்கும். இந்தப் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, ‘டின்னவெல்லி’ என்ற வணிகப் பெயரில் வெளிநாட்டுச் சந்தைகளில் விற்றது. கோவில்பட்டியில் 1901-இல் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியபோது அதன் முதன்மையான கவலையே இந்தப் பருத்திதான். கருங்கண்ணியோடு புளிச்சை என்ற மட்டப் பருத்தி கலந்து பெயரைக் கெடுக்கிறது என்பது அன்றைய பெரிய புகார். புளிச்சையின் இழை குட்டை, முரடு. ஆனால் அரைத்தால் பஞ்சு அதிகம் தேறும், அதனால் விவசாயி விடமாட்டார். பண்ணை நல்ல விதையைப் பரப்பி அதை ஒதுக்கியது. ஆலையின் கண்ணோடு பார்த்தால் அது சரியான வேலை. முரட்டு இழைக்கும் ஒரு பயன் உண்டே என்று கேட்க மெத்தை தைப்பவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அமெரிக்க இனப் பருத்தி வந்தது. தமிழகத்தில் அதற்குக் கம்போடியாப் பருத்தி என்று பெயர். நீள இழை, பெரிய காய், இறவையில் நல்ல மகசூல். 1947-இல் இந்தியப் பருத்தி நிலத்தில் நூற்றுக்கு 97 பங்கு நாட்டு இனங்கள்தான் இருந்தன. இன்று நிலைமை தலைகீழ். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு நாட்டுப் பருத்தி ஓரத்துக்குப் போய்விட்டது. கோவில்பட்டியின் பெயரெழுத்தைத் தாங்கிய கே 10, கே 11 போன்ற கருங்கண்ணி ரகங்கள் மானாவாரிக் காடுகளில் இன்னும் பிழைத்திருக்கின்றன. தண்ணீரும் மருந்தும் அதிகம் கேட்காத பயிர் என்பதால், இயற்கை வேளாண்மை செய்கிறவர்கள் சிலர் அதைத் தேடி வருகிறார்கள்.

வெளியுலகத்தில் இந்த முரட்டு இழையின் அருமை தெரிந்தவர்கள் ஜப்பானியர்கள். தரையில் விரித்துப் படுத்து, காலையில் சுருட்டி அலமாரியில் வைக்கும் அவர்களுடைய பூத்தோன் மெத்தைக்கு இந்தியாவின் குட்டை இழை நாட்டுப் பருத்தியை நெடுங்காலம் இறக்குமதி செய்தார்கள். வடக்கே விளையும் பெங்கால் தேசி, அசாமின் கோமில்லா ஆகிய ரகங்கள் அவை. கருங்கண்ணியின் அதே ஆர்போரியம் இனம். தினமும் மடித்துத் தினமும் விரிக்கும் மெத்தைக்கு எழும்பும் இழைதான் வேண்டும் என்பதை அவர்கள் கையால் அறிந்திருந்தார்கள்.

நல்ல பஞ்சாக இருந்தால் மட்டும் போதாது. அதை இழை இழையாகப் பிரிக்க வேண்டும். அரவை மில்லிலிருந்து வரும் பஞ்சு பொதியில் இறுக்கி அமுக்கியது. அதை அப்படியே உறையில் அடைத்தால் கல்மெத்தைதான். பிரிப்பதற்கு நம் முன்னோர் கையாண்ட கருவி வில். ஆள் உயர மரவில், அதில் முறுக்கேற்றிய நரம்பு நாண், அடிக்க மரக் கொட்டாப்புளி. வில்லை மேலே கட்டித் தொங்கவிட்டு, நாணைப் பஞ்சுக் குவியலுக்குள் இறக்கி அடிப்பார்கள். டொய்ங், டொய்ங் என்று தெருவே அதிரும். சிறு வயதில் ஆச்சி வீட்டுத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய் வட்டம் கட்டி நிற்போம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு மேகம் எழும். நற்றிணைப் பாடல் ஒன்றில் கடலலையின் பிசிருக்கு, வில்லால் அடித்த பஞ்சு உவமையாக வருகிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தத் தொழில் இங்கே நடக்கிறது என்பதற்கு அந்த ஓர் உவமை போதும்.

வில் என்ன செய்கிறது? நாண் நொடிக்கு 50 முறை அதிர்ந்து, ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து அரை சென்டிமீட்டர் விலகுகிறது என்று கொள்ளுங்கள். அந்த நாணில் ஒட்டிய இழை அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஐம்பது மடங்கு. நாண் திரும்பும் நொடியில் இழை விடுபட்டுப் பறக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் இழைக்குப் பரப்பு அதிகம் என்பதால் காற்று அதைத் தாங்கி மெல்ல இறக்குகிறது. கொட்டைத் துணுக்கும் மண்ணும் அருகிலேயே பொத்தென்று விழுகின்றன. ஒரே அடியில் பிரிப்பும் சுத்தமும் நடந்துவிடுகின்றன. இன்று மோட்டார் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார்கள். முள் பதித்த உருளை பஞ்சைக் கிழித்துத் துப்பும். வேகம் அதிகம், கூலி குறைவு. ஆனால் முள் இழையை அறுக்கவும் செய்யும். வில் இழையை உதறுகிறது, மிஷின் பிய்க்கிறது; வித்தியாசம் அதுதான். எனவே மிஷினில் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கொஞ்சம் பஞ்சு தூசியாகப் போகும். பழைய மெத்தையை அடிக்கக் கொடுத்தால் ஒன்றிரண்டு கிலோ புதுப் பஞ்சு சேர்க்கச் சொல்கிறார்களே, அது ஏமாற்று வேலை இல்லை.

அந்தத் தூசியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்கு நெஞ்சு இறுகும் நோய் ஒன்று உண்டு. மருத்துவத்தில் பிசினோசிஸ் என்பார்கள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மூச்சு முட்டல் கடுமையாக இருக்கும் என்பதால் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் பெயர் பெற்றது. ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் சரியாகும். முற்றினால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. நம் தெருவுக்கு வருகிறவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார். துண்டு நுண்தூசியைத் தடுக்காது. நல்ல முகக்கவசம் ஒன்றின் விலை ஒரு தலையணை உறையின் விலைகூட இல்லை. மெத்தை அடிக்கக் கொடுப்பவர்கள் அதையும் வாங்கி அவர் கையில் கொடுத்தால் என்ன?

படுக்கையில் நாம் தூங்கும்போது மெத்தைக்குள் வேறொரு வேலை நடக்கிறது. வியர்க்காத இரவில்கூட நம் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் கால் லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாக வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு பஞ்சுக்குள் இறங்கும். செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள். சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் பருத்தி ஏழெட்டு கிராம் நீரை எப்போதும் தன்னுள் வைத்திருக்கும். காற்று ஈரமாக ஆக அது 15 கிராமையும் தாண்டும். தொட்டால் ஈரம் தெரியாது. பாலியெஸ்டர் இழையால் அரை கிராம்கூட வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் பாலியெஸ்டர் மெத்தையில் புழுக்கம் உடம்பிலேயே நிற்கிறது. பருத்தி அதை வாங்கிக்கொள்கிறது. நம் ஊர்ச் சித்திரைக்கு எது தோது என்று வேறு சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த நல்ல குணத்துக்கு ஒரு விலை உண்டு. செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் உள்ளே புகுந்தால் அவை தளரும். உலரும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பூட்டிக்கொள்ளும். துணிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுகிறோமே, அதே தந்திரம். இரவில் உடம்பின் பாரமும் ஆவியும் சேர்ந்து பஞ்சுக்கு இஸ்திரி போடுகின்றன. நம் உடம்பின் பள்ளம் மெத்தையில் பதிகிறது. வெயிலில் போட்டால் ஈரம் இறங்கி, இழை தன் விறைப்பைத் திரும்பப் பெறுகிறது. புரட்டிப் போட்டு உதறினால் காற்று உள்ளே வருகிறது. தூசிப் பூச்சிகளுக்கும் இது ஆகாது. அவை நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கின்றன. ஈரப்பதம் பாதிக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் வற்றிச் சாகும். மாசி பிறந்ததும் மொட்டை மாடியில் மெத்தையைக் காயப்போடும் வழக்கத்தில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. காய்ந்த மெத்தையைப் பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும். அந்திப் பனி ஏறினால் செல்லுலோஸ் விட்ட ஈரத்தை மறுபடி குடித்துவிடும். ஆடித் தபசு சமயத்தில் இங்கே அடிக்கும் காற்றில் மெத்தை போடாதீர்கள். வெயில் இருக்கும், ஆனால் புழுதி முழுதும் மெத்தைக்குள் போய்ச் சேரும்.

வெள்ளைப் பஞ்சு ஏன் தோற்றது என்பதும் இங்கே விளங்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு, எடையில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. பறித்த பருத்தித் துணுக்கைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். காரத்தில் அவித்து வெளுத்தால் மெழுகு போய்விடும். அப்புறம் பத்து நொடிக்குள் மூழ்கும். ஆஸ்பத்திரிப் பஞ்சுக்கு அப்படித்தான் வேண்டும். சங்கரன்கோவிலுக்கு வடக்கே, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவக் கட்டுத்துணி பெருந்தொழில். அவர்களுக்கு உறிஞ்சுவதுதான் தரம். மெத்தைக்கு அந்தத் தரம் எதிரி. வெளுத்த பஞ்சு ஈரத்தைச் சட்டென்று இழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். கடையில் வெள்ளையாக மின்னுவது பலமுறை வெளுத்த கழிவுப் பஞ்சாகவும் இருக்கலாம். இழை குட்டையாகி, முறுக்கும் விறைப்பும் போனது.

மூன்றாவது கோணியை மறக்கவில்லை. இலவம் பஞ்சு பருத்தியிலிருந்து மிகவும் வேறுபட்டது. பருத்தி இழை கொட்டையில் முளைக்கிறது. இலவம் இழை காயின் உட்சுவரில் முளைக்கிறது. ஆகவே கொட்டையை எடுக்க அரவை வேண்டாம், குச்சியால் அடித்தாலே உதிர்ந்துவிடும். இழை அமுங்காத குழாயாகவே கடைசிவரை இருக்கும். அதன் உடம்பில் எண்பது பங்குக்கு மேல் காற்று. மேலே நல்ல மெழுகு; தண்ணீர் அண்டாது. சென்ற நூற்றாண்டில் கப்பல்காரர்களின் உயிர்காக்கும் அங்கிகளில் அடைத்தது இந்தப் பஞ்சைத்தான். பருத்தியில் காற்று இழைகளுக்கு நடுவே இருக்கிறது. இலவத்தில் இழைக்குள்ளேயும் இருக்கிறது. எடை குறைவு, ஈரம் சேராது, தலையணைக்கு அதைவிடச் சுகமான பொருளை நான் கண்டதில்லை. ஆனால் முறுக்கில்லாத வழவழப்பான இழை அது. ஒன்றையொன்று பற்றாது, நூலாகவும் திரிக்க வராது. குழாயின் சுவர் மெல்லியது; பாரம் பட்டு நொறுங்கினால் திரும்ப எழாது, பொடியாகும். ஆகவே தலையணைக்கு இலவம், நாள்தோறும் படுக்கும் மெத்தைக்குப் பருத்தி என்பது என் முடிவு. வருசநாடு, போடிப் பக்கத்து இலவம் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. முள்ளிலவுப் பஞ்சு வேறு மரம், சிவந்த பூ பூப்பது. அதையும் சிலர் கலப்பார்கள். கிளி காத்திருந்து ஏமாந்த இலவங்காய் நம் தலைக்கடியில் மட்டும் ஏமாற்றுவதில்லை.

குளிர் நாட்டில் இருக்கும் என் சித்தி மகள், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை வைத்துப் பஞ்சுப் போர்வை தைக்கிறாள். எந்தப் பஞ்சு வைக்கலாம், எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். இரண்டாவது கேள்விக்கு இழையின் நீளத்தில் பதில் இருக்கிறது. கருங்கண்ணி இழை ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இரண்டு தையல் வரிசைக்கு நடுவே இடைவெளி கூடினால் நடுவில் இருக்கும் இழைகளை எந்தத் தையலும் பிடிக்காது. துவைக்கும்போது அவை நகர்ந்து மூலையில் திரளும். வெறும் பஞ்சை விரித்துத் தைக்கும் பழைய முறையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டதன் காரணம் இதுதான். நம் மெத்தையில் கோணி ஊசியால் இடைவெளி விட்டுக் குத்தி முடிச்சுப் போடுவதும் இதற்காகவே. இப்போது கடைகளில் தாள்போல் சுருட்டி விற்கும் பஞ்சுத் தகட்டில், முள்வைத்த ஊசிகளை ஆயிரக்கணக்கில் மேலும் கீழும் குத்தி இழைகளைப் பின்னியிருக்கிறார்கள். அதற்கு எட்டு அங்குல இடைவெளியும் தாங்கும். ஒன்றை மட்டும் அவளுக்கு அழுத்திச் சொன்னேன்: பருத்தித் தகடு முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கம் தையலுக்கு அழகு என்று விரும்புகிறவர்கள் அப்படியே தைக்கலாம். வேண்டாதவர்கள் முன்கூட்டியே நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். சேலைத் துணியும் அதே அளவு சுருங்குமா என்று ஒரு துண்டில் சோதித்துவிடுவது நல்லது.

கடையில் ஏமாறாமல் இருக்கச் சில சோதனைகள் கைவசம் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகைப் பஞ்சை விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். பருத்தி திரியாகும், இலவம் வழுக்கிக்கொண்டு பிரிந்துபோகும். ‘ஒரிஜினல் இலவம் பஞ்சு’ திரியாகத் திரண்டால் அதில் பருத்திக் கழிவு இருக்கிறது. வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். நீலம், சிவப்பு என்று வண்ணத் துணுக்குகள் தெரிந்தால் அது பனியன் வெட்டுத் துணியைக் கிழித்து எடுத்த பஞ்சு. கொஞ்சத்தை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் நெருப்புக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் சுருங்கி உருகி, கெட்டியான கறுப்பு மணியாகும்.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. பஞ்சு மெத்தையில் பீடித் துணுக்கு விழுந்தால் பெரும்பாலும் சுடர் தெரியாது. உள்ளே இருக்கும் 96 பங்கு காற்றைத் தின்றுகொண்டு கனல் மணிக்கணக்கில் ஊர்ந்து பரவும். கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையற்ற நச்சு வளி அறையை நிறைக்கும். மேலே தண்ணீர் தெளித்து அணைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மெத்தையை வெளியே இழுத்துப் போட்டு, உறையைக் கிழித்து, உள்ளே நனையுமாறு ஊற்ற வேண்டும்.

தங்கை மகளுக்குச் சந்தன நிறப் பஞ்சில்தான் மெத்தை தைத்தோம், தலையணைக்கு இலவம். சருகுத் துணுக்கைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தங்கைக்குக் கொஞ்சம் கவலை. நல்ல நெருக்கமான நெசவில் வரி போட்ட மெத்தைத் துணியை உறையாகப் போட்டதும் அது மறைந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் ஆச்சி காலத்துப் பஞ்சு மெத்தை ஒன்று கட்டியாகக் கிடக்கலாம். அதைக் குப்பை வண்டியில் ஏற்றுமுன் ஓரத் தையலை நாலு விரல் பிரித்து, ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்து வெயிலில் அரை நாள் வையுங்கள். பிறகு கையில் பொத்திப் பிடித்து விட்டுப் பாருங்கள். எழுந்தால், பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.